உங்கள் தெருவில் ஒரு வினாடி வினா: முதல்முறை நடத்துகிறவர்களுக்கு

பொங்கல் விளையாட்டுப் போட்டி, மன்றத்தின் ஆண்டு விழா, டியூஷன் சென்டரின் சுதந்திர தினம் என்று ஏதோ ஒன்று வரும். கோலப் போட்டியை அக்காமார்கள் எடுத்துக்கொள்வார்கள். உறியடியும் கயிறு இழுக்கும் போட்டியும் பையன்கள் பொறுப்பு. "நீதான் நல்லா படிப்பியே, பொது அறிவுப் போட்டிய நீ பாத்துக்கோ" என்று ஒரு வேலையை மட்டும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். வடசென்னையில் வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் குவிஸ் மாஸ்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறார்கள்.

உடனே மூர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பொது அறிவு கைடு வாங்கி, அதை அப்படியே மைக்கில் வாசிக்கலாம்தான். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் மூன்று பேர் எல்லாப் பதிலையும் சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் கால் மணி நேரத்தில் டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். கைடில் தவறில்லை. அது பரீட்சைக்கானது. தெருவில் நடக்கும் போட்டிக்கு வேறு வகைக் கேள்வி வேண்டும்: பதில் மனப்பாடமாகத் தெரியாதவரும் தனக்குத் தெரிந்த இரண்டு விஷயத்தைச் சேர்த்து யோசித்துப் பிடிக்கக்கூடிய கேள்வி. அதை எப்படித் தயாரிப்பது, எப்படி நடத்துவது என்று பார்ப்போம்.

1. முதலில் அணிகளை முடிவு செய்யுங்கள்

கேள்வி எழுதுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், ஏனென்றால் யார் உட்காரப் போகிறார்கள் என்று தெரியாமல் கேள்வி எழுத முடியாது. அணிக்கு மூன்று பேர். ஒருவர் பள்ளி மாணவர், ஒருவர் கல்லூரியிலோ வேலையிலோ இருப்பவர், ஒருவர் நாற்பது வயதைத் தாண்டியவர் என்று கட்டாயமாக்கிவிடுங்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தாவும் எட்டாம் வகுப்புப் பேத்தியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போட்டியின் சுவையே வேறு. நண்பர்கள் மூவர் சேர்ந்து வந்து "நாங்க ஒரே டீம்" என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேடையில் ஐந்து அல்லது ஆறு அணிகள் போதும். பெயர் கொடுத்தவர்கள் அதிகமாக இருந்தால் இருபது கேள்விகளைத் தாளில் எழுதவைத்துத் தேர்ந்தெடுங்கள். இறுதிச் சுற்றுக்கு நாற்பது கேள்வி இருந்தால் ஒன்றரை மணி நேரம் ஓடும். அதற்கு மேல் யாரும் உட்கார மாட்டார்கள், நீங்களும் தொண்டை வறண்டு போவீர்கள்.

2. கேள்வியை வாசலில் தொடங்கி வெளியே கொண்டுபோங்கள்

உலகம், இந்தியா, தமிழ்நாடு, சென்னை என்று மேலிருந்து கீழே வருவது கைடுகளின் வழக்கம். நீங்கள் திருப்பிப் போங்கள். வடசென்னைக்காரர் தினம் பார்க்கும் ஒன்றில் கேள்வியைத் தொடங்கினால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். பதில் வேறு நாட்டிலோ வேறு துறையிலோ இருக்கலாம்.

காசிமேட்டுக் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணூர் வரைக்கும் கரையோரம் பெரிய பெரிய பாறைகளைக் கொட்டி வைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தெற்கே மெரினாவிலோ நடந்து களைத்துப்போகும் அளவுக்கு மணல். கேள்வி இப்படி: "ஒரே ஊர், ஒரே கடல். மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே போனது, ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்துக்கொண்டே போனது. 1870களில் இரண்டுக்கும் நடுவே கட்டத் தொடங்கிய எது இதற்குக் காரணம்?" பதில் சென்னைத் துறைமுகம். நம் கடற்கரையில் அலைகள் வருஷம் முழுக்க மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவக்காலத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காலத்தில் தெற்கு நோக்கியும் போகும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டு நின்றதும் மணல் தெற்குப் பக்கம் தேங்கியது, வடக்குப் பக்கத்துக்கு வரவேண்டியது வரவில்லை. இதில் புவியியல், அறிவியல், வரலாறு மூன்றும் இருக்கின்றன. மீன்பிடிக்கப் போகிற அண்ணன் ஒருவர் புத்தகம் படிக்காமலே இதைச் சொல்லிவிடுவார், பாருங்கள்.

அதே துறைமுகத்தில் இன்னொரு கேள்வி இருக்கிறது. "1912 மார்ச்சில், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் கிளார்க்காகச் சேர்ந்தார். மறு வருஷம் ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். யார்?" கணிதமேதை ராமானுஜன். மனப்பாடக்காரர்களுக்கு '1729' என்றால்தான் ராமானுஜன் ஞாபகம் வரும். துறைமுகத்துக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த இளைஞர் என்று தொடங்கினால் அதே ஆள் நம் தெருவுக்கு வந்துவிடுகிறார். 1729ஐத் தனியாக வைத்துக்கொண்டு, "இரண்டு முப்படிகளின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண், ஒரு விதம் 1, 12 ஆகியவற்றின் முப்படிகள். மற்றது எது?" என்று கணக்குச் சுற்றில் கேளுங்கள். 9, 10. பள்ளிப் பிள்ளைகள் தாளில் போட்டே கண்டுபிடிப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது நேரத்தைப் பற்றிய கேள்வி. இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சென்னை சுமார் 80¼ பாகையில் இருக்கிறது. பூமி ஒரு பாகை சுற்ற 4 நிமிடம் ஆகும். அப்படியானால் நம் ஊர் வெயிலின் கணக்குக்கும் கடிகாரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்? இரண்டேகால் பாகை, அதாவது 9 நிமிடம். இதைக் கேட்டு முடித்ததும் கையோடு அடுத்தது: "1906க்கு முன்னால் இந்திய ரயில்களின் நேர அட்டவணை எந்த ஊரின் நேரத்தை வைத்து ஓடியது?" மெட்ராஸ் நேரம். கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முந்தியது. இன்றைய ஐந்தரை மணியிலிருந்து கழித்தால் முதல் கேள்வியின் அதே 9 நிமிடம் வரும். கூட்டத்தில் ஒரு சின்ன சலசலப்பு எழும், அது வந்துவிட்டால் நிகழ்ச்சி உங்கள் கையில்.

எண்ணூர் பக்கத்து ஆட்களுக்கு: "லாரி, பஸ் செய்யும் இந்த நிறுவனத்தின் பெயரில் ஒரு பாதி, நிறுவனரின் மகன் பெயர். மறு பாதி இங்கிலாந்தில் ஓர் ஊர்." அசோக் லேலண்ட். ரகுநந்தன் சரண் 1948இல் மகன் அசோக்கின் பெயரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கினார். லேலண்ட் 1955இல் சேர்ந்துகொண்டது. பெரம்பூர்க்காரர்களுக்கு ஐ.சி.எஃப். இருக்கிறது. 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை. முதல் வந்தே பாரத் ரயில் அங்கே உருவானபோது அதற்கு 'ட்ரெயின் 18' என்று பெயர். ஏன் 18 என்று கேளுங்கள். பெட்டி எண்ணிக்கை என்று நிறையப் பேர் சொல்வார்கள். பெட்டிகள் பதினாறுதான். 2018இல் செய்ததால் 18.

கேரம் இல்லாமல் வடசென்னையில் வினாடி வினா நடத்தினால் அடிக்க வருவார்கள். அர்ஜுனா விருது பெற்ற கேரம் வீரர் மரிய இருதயம், 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, இருவரும் நம் ஊர். காசிமா பெயர் சொன்னதும் கைதட்டல் வரும், அது அடங்க நேரம் ஒதுக்கி வையுங்கள்.

3. கலைக்கு இடம் கொடுங்கள்

வரலாறு பத்து, புவியியல் பத்து, அறிவியல் பத்து என்று எழுதிவிட்டுக் கலைக்கு வரும்போது எல்லாரும் சினிமாப் பாட்டில் விழுந்துவிடுகிறார்கள். சினிமா ஒரு சுற்று இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் மணலி என்றாலே புகையும் ரிஃபைனரியும்தான் என்று நினைப்பவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்:

"கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரின் குடும்பம், இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பெயர்போன வடசென்னைப் பகுதி ஒன்றின் முதலியாருடைய ஆதரவில் இங்கே வந்து தங்கியது. கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்ட அவர், அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டும் அதில் ஒன்று. அவர் தம்பி அந்தக் காலத்தில் கற்றுக்கொண்ட ஒரு வெள்ளைக்காரக் கருவி இன்று கர்நாடகக் கச்சேரிகளில் தவறாமல் இருக்கிறது. யார், எந்த ஊர், எந்தக் கருவி?"

முத்துசுவாமி தீட்சிதர், மணலி, வயலின். தம்பி பெயர் பாலுசுவாமி தீட்சிதர். மூன்று பதிலுக்கும் தனித்தனி மதிப்பெண் கொடுங்கள். ஊரை யாராவது பிடிப்பார்கள், கருவியையும் பிடிப்பார்கள். அந்த மெட்டுகளுக்கு 'நோட்டு ஸ்வரம்' என்று பெயர். செல்போனில் ஒன்றை மைக் அருகே வைத்து ஒலிக்கவிட்டால், பள்ளியில் பேண்டு வாசித்த பையன் "அண்ணா, இது மார்ச் பாஸ்ட் மாதிரி இருக்கு" என்று சொல்லக்கூடும்.

பாரிமுனை அருகே ராஜா அண்ணாமலை மன்றத்தை வைத்து 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தைக் கேட்கலாம். அரண்மனைக்காரன் தெருவில் இருக்கும் ஆர்மீனியன் தேவாலயமும் ஒரு புதையல். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை ஆர்மீனியாவில் அச்சாகவில்லை, 1794இல் மெட்ராஸில் அச்சானது. பெயர் அஸ்தரார். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் அந்தத் தேவாலய வளாகத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பக்கத்துப் பூக்கடைப் பகுதிக்கு வாரம் இரண்டு முறை போய்வருகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே எட்டிப்பார்த்திருப்பார்கள்?

4. கேள்வியின் ஒவ்வொரு சொல்லையும் பாருங்கள்

"இந்தியாவின் முதல் ரயில் எது?" என்று கேட்டால் சண்டை உறுதி. 1837இல் செங்குன்றம் பக்கம் சாலை போடக் கல் ஏற்றிச் செல்ல ஒரு ரயில்பாதை இருந்தது. 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். மூவரும் வந்து "என் பதில்தான் சரி" என்றால் மூவருமே சரிதான். 'பயணிகள்', 'தென்னிந்தியா' என்ற இரண்டு சொல் சேர்த்திருந்தால் பிரச்சினையே இல்லை. இன்றும் நிற்கும் நிலையக் கட்டிடங்களில் இந்தியாவிலேயே பழையது எது என்று கேட்டால் அது ராயபுரம். ஒரே செய்தியில் சொல்லை மாற்ற மாற்ற வெவ்வேறு பதில்.

முதல், பெரிய, நீளமான, பழைய என்று வரும் கேள்விகளில் எப்போதும் இந்தச் சந்தேகம் இருக்கட்டும். உலகின் பெரிய பாலைவனம் சகாரா என்று எழுதிவிடுவோம். வெப்பப் பாலைவனங்களில் பெரியது அது. மழையளவை வைத்துப் பார்த்தால் அண்டார்டிகாதான் பெரியது. நைலா அமேசானா எது நீளம் என்பதில் அளப்பவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, அதைத் தொடவே வேண்டாம். ஊர்ப் பெயர் எப்படி வந்தது என்ற கேள்வியும் அப்படித்தான், ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள்.

எழுதிய பிறகு ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டினால் கேள்வி நீளம். கேட்பவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பிடி கொடுங்கள். வரலாறு தெரிந்தவருக்கு ஒரு குறிப்பு, அறிவியல் தெரிந்தவருக்கு ஒரு குறிப்பு. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் 1753இல் ராபர்ட் கிளைவ் திருமணம் செய்துகொண்டார். பெண் மார்கரெட் மாஸ்கலின். அவளுடைய அண்ணன் நெவில், பின்னாளில் இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஆனவர். "ராபர்ட் கிளைவின் மச்சான் எந்தத் துறையில் புகழ்பெற்றவர்?" என்று மட்டும் கேட்டால் யாருக்கும் தெரியாது. "கிரீன்விச்சில் வேலை" என்று ஒரு வார்த்தை சேருங்கள், பதில் தானாக வரும்.

5. பதில் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று சரிபாருங்கள்

பழைய கைடில் கோள்கள் ஒன்பது. 2006இல் புளூட்டோவைக் குறுங்கோள் ஆக்கிவிட்டார்கள், எட்டுதான். ஆப்பிரிக்காவின் பெரிய நாடு சூடான் என்று இருக்கும். 2011இல் தெற்கு சூடான் பிரிந்த பின் அது அல்ஜீரியா. எவரெஸ்ட் 8,848 மீட்டரில் நின்றிருக்கும், 2020இல் அறிவித்த அளவு 8,848.86. இந்தியாவில் 28 மாநிலங்கள், 8 யூனியன் பிரதேசங்கள். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். ஹாக்கி நம் தேசிய விளையாட்டு என்று எல்லாக் கைடிலும் அச்சடித்திருப்பார்கள். அரசு எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை. நிலாவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பதும் கதைதான்.

புத்தகத்தில் சரியாக இருந்தும் நாம் தவறாகப் பதில் எழுதி வைக்கும் இடங்களும் உண்டு. மிக வெப்பமான கோள் சூரியனுக்கு அருகே இருக்கும் புதன் என்று தோன்றும். பதில் வெள்ளி, அதன் அடர்ந்த கரியமில வாயு மண்டலம் வெப்பத்தை வெளியே விடாது.

சரிபார்க்க முதல் இடம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பாடநூல்கள். இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அடுத்தது, பக்கத்துக் கிளை நூலகம். பெரிய சந்தேகம் என்றால் எழும்பூர் கன்னிமாரா, வீட்டிலிருந்தபடியே என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். வாட்ஸ்அப்பில் வந்த 'உங்களுக்குத் தெரியுமா' படங்களிலிருந்து ஒரு கேள்வியும் எடுக்காதீர்கள். செல்போனில் கேட்டு வரும் ஒற்றைவரிப் பதிலையும் இரண்டாவது இடத்தில் பார்த்த பிறகே தாளில் ஏற்றுங்கள். பதிலுக்குப் பக்கத்திலேயே எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று பென்சிலில் குறித்து வையுங்கள். மேடையில் யாராவது எதிர்த்துக் கேட்டால் அது உங்களைக் காப்பாற்றும்.

6. அன்றைக்கு எப்படி நடத்துவது

கேள்வியை ஓர் அணியிடம் கேட்டு, தெரியாவிட்டால் அடுத்த அணிக்குத் தள்ளுவது பழைய முறை. ஒவ்வொரு கேள்வியையும் வரிசைப்படி தொடங்கினால், பலவீனமான அணிக்கு அடுத்து உட்கார்ந்தவர்களுக்கு அதிர்ஷ்டம். அதனால் 'பவுன்ஸ்' முறைக்கு மாறுங்கள். சரியான விடை சொன்ன அணிக்கு அடுத்த அணியிலிருந்து அடுத்த கேள்வி தொடங்கும். பாதி கேள்வி முடிந்ததும் எதிர்த் திசையில் சுற்றுங்கள்.

கொஞ்சம் பழகிவிட்டால் 'பவுன்ஸ்' (bounce) போலவே ஒலிக்கும் 'பௌன்ஸ்' (pounce) என்ற இன்னொன்றையும் சேர்க்கலாம். கேள்வி வாசித்து முடித்ததும் எந்த அணியும் முறைக்குக் காத்திருக்காமல் துண்டுச் சீட்டில் விடையெழுதி உங்களிடம் தரலாம். சரியென்றால் 10, தவறென்றால் 5 குறையும். கூட்டம் இதை மிகவும் ரசிக்கும். முதல் நிகழ்ச்சியில் மட்டும் வேண்டாம், சீட்டு வாங்க இரண்டு தம்பிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

பஸ்ஸர் வாங்கக் காசில்லை என்றால் சைக்கிள் பெல் போதும். ரேடியோ செட்காரரிடம் இரண்டு மைக் கேளுங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று கையிலிருந்து கைக்குப் போக. மதிப்பெண்ணைக் கரும்பலகையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுத ஓர் ஆளைத் தனியாகப் போடுங்கள். கரண்ட் போனாலும் போட்டி நிற்கக் கூடாது, ஆகவே கேள்விகள் தாளில் இருக்கட்டும், லேப்டாப்பை நம்பாதீர்கள். மேடையில் செல்போன்களை ஒரு தட்டில் வாங்கி வைத்துவிடுங்கள்.

ஐந்து கேள்விக்கு ஒன்று பார்வையாளர்களுக்கு. இதற்கென்றே எளிதானவற்றை ஒதுக்குங்கள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் எத்தனை நாள் (61, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை), கொசஸ்தலை ஆறு எங்கே கடலில் கலக்கிறது (எண்ணூர்), இந்தியாவில் பழவேற்காட்டை விடப் பெரிய ஒரே உப்பங்கழி ஏரி எது (சிலிகா) என்பது போல. சரியாகச் சொன்னவருக்கு ஒரு பேனா, ஒரு சாக்லெட். வெற்றி பெற்ற அணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பது வழக்கம், கேரம் போர்டு கொடுத்தால் தெருவுக்கே உபயோகம்.

தகராறு வரும். வயதில் பெரியவர் ஒருவர் எழுந்து "தம்பி, நான் பி அண்ட் சி மில்லுல இருந்தவன், எனக்குத் தெரியாதா?" என்பார். 1918இல் பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் என்ற அந்தத் துணி மில் தொழிலாளர்களை வைத்துத்தான் மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் உருவானது என்ற கேள்வியை நீங்கள் வைத்திருந்தால் அவருக்கு உங்களை விடக் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம். "சரிங்கய்யா, சொல்லுங்க" என்று மைக்கைக் கொடுங்கள். ஒரு நிமிடம் பேசட்டும். மதிப்பெண் முடிவை மட்டும் மாற்றாதீர்கள், அல்லது இரு பக்கமும் ஆதாரம் இருந்தால் கேள்வியையே ரத்து செய்துவிட்டு வேறொன்று கேளுங்கள். இதற்காகவே ஐந்து கேள்வி கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும்.

கடைசியில் இரண்டு அணிகள் சமமாக நின்றால் மறுபடி பவுன்ஸ் சுற்றுக்குப் போகாதீர்கள், இருட்டிவிடும். ஓர் எண்ணைக் கேட்டு, இரு அணியும் தாளில் எழுதச் சொல்லி, யார் அருகே வருகிறார்களோ அவர்களுக்கு வெற்றி கொடுங்கள். பூமியிலிருந்து நிலாவுக்குச் சராசரி தூரம் எத்தனை கிலோமீட்டர்? 3,84,400.